திருப்பி அனுப்பிய ரத்தம்

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு ரத்தம் தேவைப்பட்டு வெளி ஆள் கொடுத்ததில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். அவருக்கு வேலூரில் குடல் ஆப்பரேஷன் நடந்தபோது ரத்த வங்கியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. பங்காளிகள் ஏழெட்டுப் பேர் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்று முதல் கடத்தூர் பக்கம் 'பெரியவூட்டுக்காரங்களுக்கு ரத்தத்துக்குப் பஞ்சமில்ல' என்று ஒரு பேச்சு. சவுரியப்பன் ஆகிய நான் அந்தப் பேச்சைக் கெடாமல் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

போன ஐப்பசி மழையில் என் மருமகள் ஆக்சிலியா ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தாள். கடத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாலையில் வீடு திரும்பும்போது வளைவில் சேறு. வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. என் மகன் அந்தோணி பிரகாஷ் கத்தாரில் இருக்கிறான். போனில் அழுதான். "நான் இருக்கேன்ல. நீ வேலையப் பாரு" என்று சொல்லி வைத்தேன்.

தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்புக்குள் கம்பி வைத்து ஆப்பரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. படுத்தே கிடப்பதால் காலில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று தினமும் வயிற்றில் ஓர் ஊசி போட்டார்கள்.

நான் அந்த அறையை விட்டு நகரவில்லை. என் மனைவி ராஜமேரி கட்டில் பக்கத்து பெஞ்சில்; நான் கதவோரம் நாற்காலியில். ஆண் டாக்டர்களும் வார்டு ஆட்களும் வந்து போகிற இடத்தில் எங்கள் வீட்டுப் பெண் படுத்திருக்கிறாள். பெரியவர் ஒருவர் கூட இருப்பதுதான் முறை. டாக்டர்கள் சுற்று வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொள்வேன்.

சம்பந்தி மரிய ஆனந்த் காரிமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பக்கத்தில் இருப்பவரிடமும் எதிர் லாரிக்காரனிடம் பேசுவது போலத்தான் பேசுவார். கல்யாணத்தன்று கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அவ உங்க ரத்தம் சம்பந்தி" என்று அவர் சொன்னது பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளோடு எலும்பு டாக்டர் வந்தார்.

"பிளேட்லெட் ரொம்பக் கொறஞ்சிருக்குங்க. வந்தப்ப ரெண்டே முக்கால் லட்சம். இப்ப எழுவதாயிரம்" என்றார். "டெங்குவா இருக்கலாம். சுத்துப்பட்டுல எல்லா ஊர்லயும் இருக்கு. டெஸ்ட் அனுப்பியிருக்கேன். பிளேட்லெட் ஏத்த வேண்டி வந்தாலும் வரும், ரத்தம் குடுக்க ஆளுங்கள ஏற்பாடு பண்ணி வெச்சுக்குங்க."

"காச்சலே இல்லீங்களே டாக்டர்?" என்று ராஜமேரி கேட்டாள்.

"சில பேருக்கு அப்படியும் வரும்மா."

ஊரில் அந்த மாதம் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத குழந்தை கிடையாது. பிளேட்லெட் குறைந்தால் டெங்கு. டெங்கு என்றால் பப்பாளி இலைச் சாறு. சாயங்காலமே மரிய ஆனந்த் ஒரு தண்ணீர் பாட்டில் நிறையப் பச்சைச் சாறோடு வந்து நின்றார்.

"கண்ண மூடிட்டு ஒரே மடக்கு. ம், குடி."

"டீசல் ஊத்துற மாதிரி ஊத்துறீங்களேப்பா" என்றாள் ஆக்சிலியா. குடித்தாள். முகம் போன போக்கில் ராஜமேரியே சிரித்துவிட்டாள்.

நான் வராந்தாவுக்குப் போய் என் தம்பி மகன் பிலவேந்திரனுக்கு போன் செய்தேன். "பசங்களக் கூட்டிட்டு நாளைக்குக் காலைல வந்துடு. ஆக்சிலியாவுக்கு ரத்தம் வேணும்."

"எத்தன பேரு பெரிப்பா?"

"வண்டியில எத்தன பேரு ஏற முடியுமோ அத்தன பேரு."

மரிய ஆனந்த் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்படித் தோளில் தட்டுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆனாலும் அன்று எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் வேறொரு டாக்டர் வந்தார். டெங்கு இல்லை என்று பரிசோதனை வந்துவிட்டதால் எலும்பு டாக்டரே இவரை அழைத்திருந்தார். பொது மருத்துவம் பார்க்கிறவர், பெயர் சமரீன். மெத்தைக் கடை கவுஸ் பாஷாவின் மகள் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. என் மகன் கல்யாணத்துக்கு அவர் கடையில்தான் மெத்தை எடுத்தோம்.

டாக்டர் தாள்களை எல்லாம் படித்துவிட்டு ஆக்சிலியா பக்கம் குனிந்தார். "வேற எங்கயாவது வலி இருக்கா? புதுசா ஏதாவது தெரியுதா? ஊசி போட்ட எடத்துல?"

ஆக்சிலியா என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க மேடம்."

டாக்டரும் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"நான் வூட்டுப் பெரியவன்மா. எனக்குத் தெரியாம இங்க ஒண்ணும் இல்ல."

"தெரியாம ஒண்ணும் இல்லன்னா, வெளிய இருந்தாலும் அதே கணக்குதானேங்க?"

சொன்ன விதத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எழுந்து வெளியே போனேன். கதவைச் சாத்தினார்கள். இன்னொருவர் சொல்லி நான் நாற்காலியை விட்டு எழுந்து ரொம்ப காலம் ஆகிறது.

கொஞ்ச நேரத்தில் ராஜமேரி வெளியே வந்தாள். "வயித்துல ஊசி போட்ட எடமெல்லாம் காசு காசாக் கருத்துக் கெடக்குதுங்க. ரெண்டு நாளா அப்படித்தானாம். இடது காலும் வலிக்குதாம். கெண்டச்சதை கல்லாட்டம் இருக்குது. அடிபட்ட கால்கூட இல்லீங்க, நல்ல காலு."

"ஏன் சொல்லல?"

"மாமா அங்கியே உக்காந்திருக்காங்க, எப்படித் துணியத் தூக்கிக் காட்டறது அத்தன்னு கேக்கறா. என்கிட்டச் சொன்னா நான் உங்ககிட்டச் சொல்லுவேனாம். நீங்க அந்த எலும்பு டாக்டரக் கூப்புட்டு, கூட நின்னு காட்டச் சொல்லுவீங்களாம்."

அப்படித்தான் செய்திருப்பேன். அவளிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இடது காலை ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்கு மேலே உள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. டாக்டர் சமரீன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஐயா, இது டெங்கு இல்ல. வயித்துல போட்ட ஊசிதான் காரணம்னு நெனைக்கிறேன். ஹெப்பாரின்னு பேரு. ரத்தம் உறையாம இருக்கறதுக்காகப் போடற மருந்து. நெறையப் பேருக்கு நல்லது செய்யுது. எங்கயோ ஒருத்தருக்கு மட்டும் உடம்பு அந்த மருந்த எதிரின்னு நெனச்சுச் சண்டைக்குப் போயிடும். ஊசி ஆரம்பிச்சு அஞ்சு நாள்லருந்து பத்து நாளுக்குள்ள வரும். இவங்களுக்கும் சரியா அப்பத்தான் பிளேட்லெட் எறங்கியிருக்கு."

"ரத்தம் உறையக் கூடாதுன்னு போட்ட ஊசி. ரத்தத்த உறைய வெக்கிற பிளேட்லெட்டும் கொறஞ்சு போச்சு. அப்ப ரத்தம் ஒழுவத்தானேம்மா செய்யணும்? எதுக்கு உறையுது?"

அவர் சிரித்தார். "சரியான கேள்விங்க. தொப்பூர் கணவாயில ஒரு லாரி கவுந்தா என்ன ஆவுது? பின்னால வர்றதெல்லாம் அங்கங்க முட்டி நிக்குது. கீழ டோல்கேட்டுல உக்காந்து எண்ணுறவன், இன்னிக்கு லாரியே வரலம்பான். அவன் சொல்றதும் நெசந்தான். ஆனா மேல கணவாய் பூரா லாரி. பிளேட்லெட் இப்ப அப்படித்தான். உடம்பு போட்ட சண்டையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியா நிக்குது. அதனாலதான் எண்ணிக்கை கொறஞ்சு தெரியுது. கட்டி இடது கால்ல நிக்குது. முத்திப் போனா காலுக்கு ஆபத்து. அங்கருந்து பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு, "எங்க பசங்க ரத்தம் குடுக்க வந்துட்டிருக்காங்கம்மா" என்றேன்.

"கணவாய் அடைச்சு நிக்கும்போது இன்னும் இருவது லாரிய மேல அனுப்பலாமாங்க?"

"கூடாது."

"அதேதான். எங்கயாவது ரத்தம் ஒழுகினா அப்ப யோசிக்கலாம். இப்ப ஒழுகல. எலும்பு டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், அவருக்கும் சம்மதம். அந்த ஊசிய நிறுத்தியாச்சு. கையில இருக்கிற டியூப் அடைக்காம இருக்க அதே மருந்துல ஒரு துளி விட்டுக் கழுவுவாங்க, அதையும் நிறுத்திட்டேன். ஒரு துளியும் உள்ள போவக் கூடாது. ஆனா நிறுத்தினா மட்டும் பத்தாது. இருக்கிற கட்டி வளரும். அதனால வேற வகை ஊசி, இதுவும் உறையாமப் பாத்துக்கும், உடம்பு இதோட சண்டைக்குப் போவாது. ரத்தம் பெங்களூருக்கு டெஸ்ட்டுக்குப் போயிருக்கு. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க நேரம் இல்ல, இப்பவே ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிங்க" என்றேன்.

கீழே இறங்கி வந்தபோது வண்டி ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பிலவேந்திரன் முதலில் குதித்தான். பின்னால் பதினைந்து பேருக்குக் குறையாமல் இறங்கினார்கள். திருவிழாவுக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

"பெரிப்பா, வெறும் வயித்தோட வரணும்னு ஒருத்தன் கெளப்பி வுட்டுட்டான். நான்தான் அதெல்லாம் இல்லடான்னு சொல்லி எல்லாருக்கும் இட்லி வாங்கிக் குடுத்தேன். யாருகிட்ட மொதல்ல எடுக்கறாங்க?"

"ரத்தம் வேண்டாம்னுட்டாங்க. வண்டியத் திருப்புங்க."

அவனுக்குப் புரியவில்லை. "வேண்டாமா? நேத்து வேணும்னீங்க?"

"நேத்து வேணும். இன்னிக்கு வேண்டாம்."

"நேத்து தண்ணி போட்டவன் இந்த ஜோசப்பு ஒருத்தன்தான் பெரிப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவன வேணா எறக்கி வுட்டுடறோம், மத்தவங்க ரத்தமெல்லாம் சுத்தம்." ஜோசப் அவன் முதுகில் ஒன்று வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இன்னும் குழந்தை பிறக்காத பெண். அவள் உடம்பு மருந்தோடு சண்டை போடுகிறது என்று நான் இங்கே சொன்னால், ரத்தத்திலேயே கோளாறாம் என்று வண்டி கடத்தூர் போய்ச் சேருவதற்குள் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். என் வீட்டுப் பெண்ணின் உடம்பு கேட்டடியில் வைத்துப் பேசுகிற விஷயம் இல்லை.

"சொன்னா கேளுங்க. போங்க" என்றேன்.

ஏறினார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பிலவேந்திரன் மட்டும் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினான்.

வண்டி திரும்புகிற நேரம் பார்த்து மரிய ஆனந்த் உள்ளே வந்தார். கையில் பச்சைச் சாறு பாட்டில். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, அதுக்குள்ள குடுத்துட்டாங்களா?"

"இல்ல. வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா!" கேட்டடியில் இருந்த ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க தங்கச்சி மவனுக்கு டெங்கு வந்தப்ப ஆளு மேல ஆளு கொண்டாந்து நிறுத்துனீங்களே! ஊரே சொல்லிச்சே! எம் பொண்ணுன்னா வண்டி திரும்பிப் போவுதா? அவ உங்க ரத்தம் இல்லையா? வாய வுட்டுச் சொல்லுங்க, நான் காரிமங்கலத்துலருந்து லாரி வெச்சு ஆளு கொண்டாறேன்!"

என் ஆயுளில் யாரும் என் முகத்துக்கு நேரே இப்படிப் பேசியதில்லை. போன் சட்டைப் பையில் இருந்தது. வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்காது. கூப்பிட்டால் வந்துவிடும். வரச் சொல்லி, ரத்தம் எடுக்க வைத்து, அதை ஆக்சிலியாவுக்கு ஏற்றாமல் விட்டுவிடலாம். பேச்சாவது நிற்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் எடுத்த ரத்தத்தை ஏற்றாமல் விட்டால் இந்த மனிதர் சும்மா இருக்க மாட்டார். டாக்டர் முன்னால் போய்க் கத்துவார். எலும்பு டாக்டரிடம் போவார். பெற்ற அப்பன் அழுது கேட்டால் யார் மனமும் இளகும். ஒரு பை ரத்தம் உள்ளே போனாலும் போய்விடும்.

போனை எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்தேன். "வாங்க சம்பந்தி, ஒரு டீ குடிக்கலாம்."

"எனக்கு டீ வேண்டாம்!"

"எனக்கு வேணும். வாங்க."

எதிரே டீக்கடையில் உட்கார வைத்து, டாக்டர் சொன்னபடியே கணவாயில் ஆரம்பித்தேன். ஒரு கன்டெய்னர் லாரி கவிழ்ந்தது என்றேன்.

"கன்டெய்னரா, டிரெய்லரா?"

"எதுவோ ஒண்ணு."

"எதுவோ ஒண்ணு இல்ல சம்பந்தி. டிரெய்லர் கவுந்தா ரோடு முழுசா அடைச்சுக்கும். கன்டெய்னர்னா ஒரு சைடு வழி கெடைக்கும்."

"டிரெய்லர்னே வெச்சுக்குங்க."

அதற்கப்புறம் அவர் குறுக்கே பேசவில்லை. டோல்கேட்டில் எண்ணுகிறவனைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். இடது காலைப் பற்றிச் சொன்னபோது டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான் முடித்ததும் ரோட்டைப் பார்த்தபடி, "மேலருந்து வர்ற வண்டிய நிறுத்தாம கீழ எதையும் நவுத்த முடியாது" என்றார். குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "நிறுத்திட்டாங்களா?"

"அந்த மருந்து ஒரு துளி கூட உள்ள போவலன்னு டாக்டரே சொன்னாங்க."

"கிரேன்?"

"அதுக்குத்தான் வேற ஊசி."

டீக்குக் காசு கொடுத்தேன். கடைசியில் பாட்டிலைக் காட்டி, "அப்ப இது?" என்றார்.

"டெங்குவே இல்லங்கறாங்க. இது எதுக்கு?"

வீணாகப் போகக் கூடாது என்று அவரே மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். குடித்துவிட்டு அப்படியே சாக்கடையில் துப்பினார். "அட மாதாவே, இதையா எம் புள்ளைக்கு ஊத்துனேன்!"

புது ஊசி போட்ட அன்று பிளேட்லெட் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டேன். டாக்டர் வந்தால் கதவு சாத்திக்கொள்ளும், நான் காத்திருப்பேன். மரிய ஆனந்த் பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து யாரும் வரவில்லை. பிலவேந்திரன் போனும் எடுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் எண்பத்தெட்டாயிரம். பிறகு ஒரு லட்சத்தைத் தாண்டியது. இடது காலில் வீக்கம் வடிய ஆரம்பித்தது. பெங்களூர் பரிசோதனையும் டாக்டர் சந்தேகப்பட்டபடியே வந்தது. எண்ணிக்கை பழையபடி ஆனதும் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் சாப்பிட வேண்டும், விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "ஹெப்பாரின் இவங்களுக்கு இனிமே எப்பவும் ஆவாது. அந்த மருந்துக் குடும்பத்து ஊசி எதுவும் ஆவாது. பிரசவத்துக்குப் போனாலும் சரி, பல்லுப் புடுங்கப் போனாலும் சரி, மொத வார்த்தை இதுதான். கார்டு எழுதித் தர்றேன், பர்ஸ்ல வெச்சுக்கட்டும். ஆனா கார்டு மட்டும் போதாது. சுத்தி இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்."

"வூட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்லம்மா?" என்று கேட்டேன்.

டாக்டர் ஆக்சிலியாவைக் கேட்டார். "ரோட்டுல விழுந்தப்ப உங்களத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"எங்க ஊரு மாதவராஜ் அண்ணன் மேடம். டிராக்டர்ல வந்துட்டிருந்தாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கார்டு எழுத உட்கார்ந்தார்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆயிற்று. ஆக்சிலியா வாக்கர் பிடித்துக் கூடத்தில் நடந்தாள். எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் வந்தார்கள், பார்த்தார்கள், காபி குடித்தார்கள். யாரும் அந்த வண்டியைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்பது அதிலிருந்தே தெரிந்தது.

ஒரு காலையில் பால் சொசைட்டியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மாதவராஜ். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்.

"பெரியவரே, மருமவப் புள்ள நடக்குதாம். நல்லது" என்றார். "ஆனா ஒண்ணு கேள்விப்பட்டேன். ஒரு சொட்டு ரத்தம் குடுக்காம வண்டியத் திருப்பி வுட்டுட்டீங்களாமே? பெரியவூட்டு ரத்தம் அவ்ளோ ஒசத்தியா?"

வரிசையில் சிலர் சிரிப்பை அடக்கினார்கள். பால் அளக்கிற பெண் அளப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஆமா, திருப்பித்தான் அனுப்புனேன்" என்றேன். "அந்த ரத்தம் உள்ள போயிருந்தா அவளுக்குக் காலு போயிருக்கும். உசுரும் போயிருக்கலாம்."

பிறகு, கேனைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வயிற்றில் போட்ட ஊசி, அதனோடு அவள் உடம்பு போட்ட சண்டை, கருத்துப் போன தோல், அடைத்த கால், எதையும் விடவில்லை. அவள் ரத்தத்தில் கோளாறு ஒன்றும் கிடையாது, அந்த ஒரு மருந்துதான் ஆகாது என்றும் சொன்னேன். மாதவராஜ் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவள ரோட்டுலருந்து தூக்கிட்டுப் போனவன் நீ. மறுபடியும் ஏதாவது ஒண்ணுன்னா, நான் வந்து சேர்றதுக்கு முன்னால அங்க நிக்கப்போறவனும் நீயாத்தான் இருப்ப. அந்த மருந்து பேரு ஹெப்பாரின். ஆஸ்பத்திரியில மொதல்ல அதச் சொல்லணும். எங்க, சொல்லு பாக்கலாம்."

"ஹெப்பாரின்" என்றார் மாதவராஜ்.

அவருக்கு முன்னால் நின்றவரையும் சொல்லச் சொன்னேன்.